சுவைத்தலும் மதிப்பிடுதலும்: 'அரை ஆன்மா' நாவலை முன்வைத்து ஒரு நோக்கு

நாவல் பற்றி எமது விரிவுரை மண்டபங்களிலும் கருத்தரங்குகளிலும் அரிதாகவே கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. 'இந்நூலை நீர் விரும்பி வாசித்தீரா?' என்பதே அது. நாவலின் சமுதாய உள்ளடக்கம் யாது, அது எவ்வர்க்கத்தின் நோக்கைப் பிரதிபலிக்கின்றது, உருவம் உள்ளடக்கத்துக்கு எத்துணை இயைந்துள்ளது என்பன போன்ற வினாக்களுக்கு விடையிறுக்க மாணவரைப் பயிற்றுகின்றோம். அப்பயிற்சி வேண்டப்படுவதே, அதனை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும், வாசித்தவரின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச நேரும்போது எம்மிடம் சொற்கள் இல்லாது போகின்றன. இருப்பவையும் 'பொழுதுபோக்கு', 'கேளிக்கை', 'மலினம்' எனப் பெரும்பாலும் பழிச்சொற்களாகவே உள்ளன.

சில மாதங்களுக்கு முன் மாணவி ஒருத்தியின் கையில் ஆங்கில நாவல் ஒன்றைக் கண்டு அதுபற்றி வினவினேன். அவள் அதனைப் பாடக் குறிப்பேட்டின் கீழே மறைத்தவாறு, "இது சும்மா வாசிக்கிற புத்தகம், சேர்" என்றாள். அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னை உறுத்தியது. நூலை இரவல் கேட்டேன், தயங்கித் தந்தாள். அன்றிரவு மறுநாளைக்குரிய விரிவுரைக் குறிப்பு எழுதப்படாமலே கிடந்தது. நாவலை ஒரே இருப்பில் முடித்துவிட்டு, ஏன் மகிழ்ந்தேன் என்று எனக்கே விளக்கிக்கொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'ஹாவ் ஏ சோல்'. 'அரை ஆன்மா' எனத் தமிழில் வழங்கலாம். ஆசிரியை ஒலிவியா அற்வாற்றர் கனடாவைச் சேர்ந்தவர். நாவல் 2020 இல், வெளியீட்டகம் எதனையும் சாராது, ஆசிரியையின் சொந்த வெளியீடாகவே வந்தது. வாசகர் வாய்வழியாகப் பரவிய பின்னரே, 2022 இல் ஓர்பிற் என்ற பெரிய வெளியீட்டகம் அதனை ஏற்று மறுபதிப்புச் செய்தது. பதிலாட்சிக் காலம் என்று ஆங்கில வரலாற்றில் அழைக்கப்படும், 1811 முதல் 1820 வரையான காலத்து இங்கிலாந்தே கதையின் களம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நோயுற்றிருக்க அவர் மைந்தன் ஆட்சிப் பொறுப்பை நடத்திய ஆண்டுகள் அவை. நெப்போலியனுக்கெதிரான போர்கள் முடிவுக்கு வந்ததும் அக்காலத்திலேதான். அற்வாற்றரின் இங்கிலாந்தில் இவற்றோடு மந்திரமும் உண்டு, மாயக்குலத்தாரும் உண்டு.

சொந்த வெளியீடு என்றதும் இகழ்ச்சியாக நோக்குவோர் ஆங்கில உலகிலே பலர் உளர். பதிப்பாசிரியர் ஒருவரின் சல்லடையில் விழாத எழுத்துத் தரமற்றதாகவே இருக்கும் என்பது அவர்தம் துணிபு. இவ்விகழ்ச்சி ஈழத்துத் தமிழ் வாசகருக்கு விளங்குவது கடினம். எழுத்தாளர் நகையை ஈடுவைத்தோ நண்பரிடம் கடன்பட்டோ அச்சகத்துக்குப் பணங்கட்டுவதும், வெளியீட்டு விழாவிலே முதற்பிரதி வாங்குவோரை நம்பியிருப்பதும், எஞ்சிய பிரதிகள் வீட்டு அறையொன்றை அடைத்துக்கொள்வதும் எமக்குப் புதியனவல்ல. இந்நாட்டின் முதல் தமிழ் நாவலென மதிக்கப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885 இல் வந்தது. அதனை எழுதிய சித்திலெவ்வை தாமே பத்திரிகை நடத்தியவர். அதுவும் களவாடப்பட்ட குழந்தையொன்றின் கதை. வீரசாகசமும் காதலும் விரவியது. எமது நாவல் வரலாற்றின் வாயிலிலேயே இத்தகைய நூலொன்று நிற்கின்றது என்பதை நாம் ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றோம்.

ஆங்கிலேயருக்கும் இது மறந்துபோன சங்கதியே. அற்வாற்றர் சித்திரிக்கும் அதே காலத்திலே, 1811 இல், 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி' என்னும் நாவல் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற குறிப்போடு வெளிவந்தது. ஜேன் ஒஸ்ரினின் முதல் நூல் அதுவே. தோமஸ் எகேற்றன் அதனை வெளியிட்டாரெனினும் நட்டம் வந்தால் ஆசிரியையே தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. நட்டம் வரவில்லை; முதற் பதிப்பு அவருக்கு 140 பவுண் ஈட்டிக் கொடுத்தது. அடுத்த நாவலான 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' உரிமையை 110 பவுணுக்கு எகேற்றனிடமே விற்றுவிட்டார். இலாபம் முழுவதும் எகேற்றனுக்குப் போயிற்று. தம் பொறுப்பில் வெளியிட்ட நூலே ஒஸ்ரினுக்குக் கூடுதலாகக் கொடுத்தது.

அற்வாற்றரின் நாவல் ஒஸ்ரினிடமிருந்து நேரே பிறந்ததன்று. இடையிலே ஜோர்ஜெற் ஹேயர் இருக்கிறார். பதிலாட்சிக் காலக் காதற் கதையை ஒரு தனி வகையாக நிலைநிறுத்தியவர் அவர். 'றீஜென்சி பக்' 1935 இல் வெளிவந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் மந்திரத்தைக் கலந்து பெருங்காவியமாக்கிய சூசன்னா கிளாக்கின் நாவல் 2004 இல் வந்தது. இவ்விரு மரபுகளும் கூடுமிடத்திலேதான் 'அரை ஆன்மா' நிற்கின்றது. கிளாக்கினது போன்ற ஆழமும் அகலமும் இதற்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இது சிறிய நூல். சிறிதாக இருக்க நாணாத நூல்.

கதை இதுதான். தாய் தந்தையரை இழந்து மாமியின் வீட்டில் வளரும் சிறுமி தியோடோரா எற்றிங்ஸ். வீட்டிலே டோரா என்பர். காட்டுக்குட் சென்ற அவளை மாயக்குலப் பிரபு ஒருவன் வழிமறிக்கிறான். ஹொலோவேல் என்பது அவன் பெயர். அவளுடைய தாய் அவளைத் தனக்கு வாக்களித்திருந்தாள் என்று சொல்லி அவளது ஆன்மாவைக் கவரத் தொடங்குகிறான். பாதி கவர்ந்த நிலையில், மைத்துனி முறையான வனெசா என்னும் சிறுமி ஓடிவந்து, தையல் வேலைக்கு வைத்திருந்த இரும்புக் கத்தரிக்கோலால் அவன் காலிற் குத்திவிடுகிறாள். அவன் அகல்கிறான், பாதி ஆன்மாவும் அவனோடு போய்விடுகிறது.

'மாயக்குலத்தார்' என நான் எழுதுவது ஒருவாறு சமாளிப்பே. 'தேவதை' என்றால் சிறகு முளைத்த சிறு பெண்பிள்ளைகளின் படமே தோன்றும். பிரித்தானியத் தீவுகளின் நாட்டார் வழக்கிலே இவர்கள் அத்தகையவரல்லர். குழந்தைகளைக் களவாடுவர், சொல்லின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடுவர், இரும்புக்கு அஞ்சுவர். கடைசிப் பண்பு எமக்கும் அந்நியமானதன்று. இறைச்சிக் கறி கொண்டு இரவில் வீதியாற் செல்வோர் பாத்திரத்தின்மேல் ஓர் ஆணியோ கரித்துண்டோ வைத்துச் செல்வதை எம் பாட்டிமார் காலத்திற் கண்டிருக்கிறோம். ஆன்மாவைப் பாதியாகப் பிளத்தல் கூடுமோ எனச் சைவசித்தாந்தம் கற்றோர் வினவக்கூடும். அவர்களுக்கு விடைசொல்ல என்னால் இயலாது, கதையென்று பொறுத்தருள்க.

பாதி ஆன்மாவோடு வளர்ந்த டோராவுக்கு அச்சமில்லை, நாணமில்லை, திடீரென எழும் மகிழ்ச்சியுமில்லை. வனெசாவுக்கு மாப்பிள்ளை தேடி இலண்டன் செல்லும்போது இவளும் உடன் செல்கிறாள். அங்கே அரச மந்திரவாதி என்னும் பதவி வகிக்கும் இலியாஸ் வைல்டரைச் சந்திக்கிறாள். உயர்குடியிற் பிறவாதவன், போரிற் பெயர் பெற்றவன், பிரபுக்கள் சபையிலே எவரையும் மதியாதவன். அவளுடைய குறையை அறிந்து அதனைத் தீர்க்க முயல்கிறான். மற்றது காதல்.

நாவலின் சுவை எங்கே பிறக்கின்றது என்பதை விளக்க எமது இலக்கணமே எனக்குத் துணைசெய்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுவதே மெய்ப்பாடு. தலைவனை எதிர்ப்பட்ட தலைவியின் நெற்றி வியர்க்கும், எழும் நகையை அவள் மறைப்பாள், மறைப்பதே காட்டிக்கொடுக்கும். காதற் கதை எம்மொழியில் எழுதப்படினும் இவ்வொழுங்கிலேயே நடக்கும். ஹேயரின் நாயகியர் முகஞ்சிவப்பதும், ஒஸ்ரினின் நாயகியர் கடிதத்தை இருமுறை மும்முறை வாசிப்பதும் இதன் வேறு வடிவங்களே. மெய்ப்பாடு இல்லையேல் அகத்திணை இல்லை.

இந்நாவலாசிரியை செய்திருப்பது என்னவெனில், மெய்ப்பாடற்ற ஒருத்தியைக் காதற் கதையின் தலைவியாக்கியதே. இலியாஸ் முதற் சந்திப்பிலே அவளை அவமதிக்கிறான். வேறெந்த நாயகியும் முகஞ்சுளிப்பாள், அன்றேல் சுடுசொல் வீசுவாள். டோரா அவ்வவமதிப்பை ஒரு தகவலாக ஏற்றுக்கொண்டு மேலே உரையாடுகிறாள். அவன் வீசிய கல் எதிலும் படாமல் விழுகிறது. இதில் நகைச்சுவை உண்டு. அதனோடு வேறொன்றும் உண்டு: ஊரெல்லாம் தன்னை வெறுக்க அல்லது அஞ்சச் செய்தே பழகிய ஒருவனுக்கு, அஞ்சவும் வெறுக்கவும் இயலாத ஒருத்தியே ஓய்வாக அமைகிறாள். வாசகராகிய எமக்கும் வழக்கமான கைகாட்டிகள் அகற்றப்பட்டுவிட்டன. நாணமும் நடுக்கமும் வழிகாட்டாத இடத்தில், அவள் என்ன செய்கிறாள், யாருக்காக எங்கே செல்கிறாள் என்பதைக் கொண்டே அவள் உள்ளத்தை ஊகிக்கவேண்டியிருக்கிறது. காதல் அவளிடம் ஒரு கணத்தில் எழுவதில்லை. கிணற்றில் நீரூறுவதுபோலத் தெரியாமல் ஊறுகிறது. தனக்கு அது நேர்ந்திருக்கலாமோ என அவளே ஐயுறத் தொடங்கும்போது நாவல் ஏறத்தாழ முடிவை நெருங்கிவிடுகிறது. அந்தத் தாமதமே சுவை.

'திடீர் உணர்வுகள் இல்லாதவளுக்கும் ஆழ்ந்து படிந்த உணர்வுகள் உண்டு' என்பது நாவலின் உளவியல் அடிப்படை. வனெசாவிடம் அவளுக்குள்ள பற்று அத்தகையது. அது கொந்தளிப்பதில்லை, ஆனால் நகர்வதுமில்லை. கத்தரிக்கோலை அவள் கழுத்தில் அணிந்தே திரிகிறாள். பாத்திர வார்ப்பில் ஆசிரியையின் சிக்கனம் இவ்விடத்தே விதந்து கூறத்தக்கது. பற்றைப் பற்றிய விளக்கவுரைகள் பல செய்யாததை அந்த இரும்புத்துண்டு செய்துவிடுகிறது.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் இவ்வாறெல்லாம் மெய்ப்பாட்டியல் பேசக் கேட்டிருந்த அம்மாணவி, "அது சரி, சேர். ஆனா எனக்குப் பிடிச்சது வேற. அவன் ஒருக்காலும் அவளைச் சிரிக்கச் சொல்லேல்லை" என்றாள். பொதுவாக அவள் வகுப்பிற் பேசுவதில்லை. 'ஏன் உம்மென்று இருக்கிறீர்' என்று நானே ஒருமுறை அவளைக் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. இலியாஸ் டோராவின் குறையைத் தீர்க்க முயல்கிறான் என்பது உண்மை. ஆனால் தீர்ந்தாற்றான் விரும்புவேன் என்று அவன் நிற்பதில்லை. இந்நுட்பம் என் வாசிப்பில் தப்பிவிட்டது. 'சும்மா' வாசித்தவளின் வாசிப்பில் தப்பவில்லை.

காதற் கதைகளை வாசிக்கும் மகிழ்ச்சியைக் கல்வியாளர் நோக்கிய விதம் ஒரேபடித்தானதன்று. கியூ. டி. லீவிஸ் 1932 இல் வெளியிட்ட ஆய்விலே மக்கள் விரும்பும் புனைகதை வாசகரின் உணர்வை மழுக்குகிறது என்ற அச்சமே மேலோங்கியிருந்தது. எமது விமர்சகர் பலர் நேராகவோ மறைமுகமாகவோ அந்த அச்சத்தின் வழிவந்தவர்கள். ஜனிஸ் றட்வே 1984 இல் வேறொன்று செய்தார். அமெரிக்க நகரொன்றின் பெண் வாசகரிடமே சென்று, ஏன் வாசிக்கிறீர்கள் எனக் கேட்டார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஊழியஞ் செய்து கழியும் நாளில், புத்தகத்தைக் கையிலெடுக்கும் நேரம் மட்டுமே தமக்குரியது என்ற பொருள்பட அவர்கள் கூறினர். வாசிப்பு என்னுஞ் செயலே அங்கு ஒரு சிறு மறுப்பாக இருந்தது. ஆனால் அவர்கள் வாசித்த கதைகளோ பழைய ஒழுங்கையே மீண்டும் நிலைநிறுத்தின என்பதையும் றட்வே மறைக்கவில்லை. பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) அற்புதக் கதைகளிலிருந்து நாவலைப் பிரித்தறிய எமக்குக் கற்பித்தது. அவ்வேறுபாடு இன்றும் பயன்படுவதே. எனினும் அற்புதக் கதை யதார்த்தத்தைத் தொடவே மாட்டாது என்று அதிலிருந்து முடிவுகட்டியவர்கள் பின்வந்த மாணவராகிய நாமே என எண்ணுகிறேன்.

ஏனெனில் 'அரை ஆன்மா'வின் நடுவிலே காதலைக் காட்டிலும் கனத்த பொருளொன்று கிடக்கின்றது. இலண்டனின் வறியோர் வேலையகங்களிலே குழந்தைகள் உறங்கத் தொடங்கி விழிக்காமற் போகின்றனர். மாயக்குலத்தாரின் கைவரிசை என ஐயுற்று இலியாஸ் அதனை ஆராய்கிறான், டோரா துணைசெல்கிறாள், போரிற் கையிழந்த வைத்தியர் அல்பேட்டும் அவர்களோடு சேர்கிறார். வேலையகம் என்றதும் எமக்கு 'ஒலிவர் ருவிஸ்ற்' நினைவுக்கு வரும். 1834 இன் வறியோர் சட்டத் திருத்தம் அந்நிறுவனத்தை நாடெங்கும் கட்டாயமாக்கியதை ஒட்டி எழுதப்பட்டது அது. ஆனால் 1723 ஆம் ஆண்டுச் சட்டமே, உதவி வேண்டுவோர் வேலையகத்துட் புகவேண்டும் என நிபந்தனை விதிக்கத் திருச்சபை வட்டங்களுக்கு இடமளித்திருந்தது. ஆகவே ஒஸ்ரினின் நாயகியர் நடனமாடிய காலத்திலும் அவ்வில்லங்கள் இருந்தன. நடன மண்டபத்தின் சாளரத்துக்கு வெளியே அவற்றை ஹேயரின் கதைகள் பெரும்பாலும் காட்டுவதில்லை. அற்வாற்றர் வண்டியை மண்டபத்திலிருந்து நேரே அங்கே ஓட்டிச் செல்கிறார்.

இங்கே, எவ்வித உபதேசமுமின்றி, கதையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்குகின்றன. பாதி ஆன்மாவுடையவளை ஊரார் பொம்மையென்று ஏசுகிறார்கள். முழு ஆன்மாவுடைய சீமாட்டிகளோ வேலையகத்தைப் பற்றிக் கேட்டால் விசிறியை விரித்துப் பேச்சை மாற்றுகிறார்கள். உணர்ச்சி இல்லாமை என்பது எவருடைய நோய் என்ற வினா, மந்திரம் என்ற புனைவு இல்லாமல் இத்துணை எளிதாக எழுந்திராது. நேரடி யதார்த்த நாவலொன்று இதனைச் சொல்லியிருப்பின் அது குற்றச்சாட்டாக ஒலித்திருக்கும். இங்கே அது கதைக்கருவினுள்ளேயே உறைந்திருக்கின்றது. இரவு முழுதும் நான் மகிழ்ந்து வாசித்ததும், காலையில் என்னை உறுத்தியதும் ஒரே பொருள்தான். சுவைத்தலை ஒரு பக்கமும் மதிப்பிடுதலை மறுபக்கமும் வைத்துப் பழகிய எனக்கு இது சங்கடமாகவே இருந்தது.

இனிக் குறைகள். டோராவின் மாமியும் அவரையொத்த சீமாட்டிகளும் ஹேயரிடம் இரவல் வாங்கிய உருவங்கள், அவர்களுக்கு உட்புறமில்லை. இலியாஸின் சினம் நியாயமானதே, ஆயினும் அது காட்சியாக விரியவேண்டிய சில இடங்களிற் பேச்சாகவே நின்றுவிடுகின்றது. பதிப்பாசிரியர் ஒருவர் ஆதியிலேயே அருகிருந்திருப்பின் இவற்றைக் குறைத்திருக்கக்கூடும். அதே பதிப்பாசிரியர், வேலையகக் காட்சிகள் காதற் கதையின் இனிமையைக் கெடுக்கின்றன என்று சொல்லி அவற்றையும் வெட்டியிருக்கக்கூடும்.

இவற்றினும் பெரிய குறையொன்றுண்டு. நாவலின் மிகச் சிறந்த கற்பனையே அதற்குக் காரணம். வறிய குழந்தைகள் உறங்குகிறார்கள். உறங்குவோர் பேசமாட்டார். ஆகவே அவர்களுக்காகப் பிறர் சினக்கலாம், பிறர் அழலாம், பிறர் மந்திரஞ் செய்யலாம். அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்கவேண்டிய தேவை ஆசிரியைக்கு எழுவதில்லை. இரக்கம் முழுவதும் வண்டியில் வந்து இறங்குவோரிடமே இருக்கின்றது. கேட்டின் மூலத்தை மாயக்குலத்தாரிடம் வைத்ததனால் வேறொரு வசதியும் கிட்டுகிறது. மாயப் பிரபுவை வென்றால் நோய் தீரும். வேலையகத்தைக் கட்டிய சட்டத்தை வெல்வது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதனை ஆசிரியையும் உணர்ந்திருப்பார் போலும். இதே உலகிற் களங்கொண்டு அவர் எழுதிய அடுத்த நாவலான 'ரென் தௌசன்ட் ஸ்ரிச்சஸ்' என்பதன் நாயகி சீமாட்டியல்லள். எவி என்னும் வீட்டு வேலைக்காரி. மாயக்குலத்தவன் ஒருவனோடு அவள் உடன்படிக்கை செய்கிறாள். விலை பத்தாயிரம் தையல்கள். அவள் உறங்குவதுமில்லை, பேசாதிருப்பதுமில்லை. அவளுடைய கோபமே அக்கதையை நடத்துகிறது. அந்நூலையும் அதே மாணவி கொண்டுவந்து தந்தாள். இம்முறை அது குறிப்பேட்டின் மேலேயே இருந்தது.